‘அதை அங்கே மேலும் செய்யவில்லை’

நேயர்களுக்கு வணக்கம். ‘வெளுத்து வாங்கினான்’ என்பதை அகராதி வைத்துப் படிக்கும் வெளிநாட்டவர், துணி வெளுத்துவிட்டு ஏதோ வாங்கினான் என்றுதான் நினைப்பார். இத்தாலிய மொழிக்குப் போனால் மாட்டிக்கொள்வது நாம்.

‘நோன் ச்சே லா ஃபாச்சோ ப்யூ’. அன்றாடப் பேச்சில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். பிரித்தால், ‘நோன்’ இல்லை, ‘ச்சே’ அங்கே, ‘லா’ அவளை அல்லது அதை, ‘ஃபாச்சோ’ செய்கிறேன், ‘ப்யூ’ மேலும். கூட்டினால், ‘அதை அங்கே மேலும் செய்யவில்லை’. சொன்னவர் சொல்ல வந்ததோ, ‘இனி என்னால் ஆகாது’.

பிசகு எங்கே? இங்கே ‘லா’ யாரையும் எதையும் சுட்டவில்லை. வினையோடு ஒட்டி உறைந்துபோன சொல் அது, ‘ச்சே’யும் அப்படியே. ஆகவே முதலில் வினையைப் பிடியுங்கள். ஃபாச்சோவின் மூல வடிவம் ‘ஃபாரே’. அதன் வாலில் இரண்டு ஒட்டுகளையும் சேர்த்தால் ‘ஃபார்ச்சேலா’. தேட வேண்டியது இதைத்தான். ட்ரெக்கானி போன்ற பெரிய அகராதிகளில் ‘ஃபாரே’ பதிவு மிக நீளம். முதல் பொருளோடு நின்றால் ‘செய்’ மட்டும்தான் கிடைக்கும்.

கண்டுபிடித்ததை வேறு வாக்கியத்தில் வைத்துச் சோதியுங்கள். ‘ச்சே லா ஃபாய்?’ என்றால் ‘உன்னால் முடியுமா?’ பொருந்துகிறது. இறந்தகாலத்தில் ‘ச்சே லோ ஃபாத்தா’, அதாவது ‘சாதித்துவிட்டேன்’. ‘லா’வோடு ‘ஓ’ என்ற துணைவினை சேர்ந்து ‘லோ’ என்று ஒலிக்கிறது. ‘ஃபாத்தா’ என்ற பெண்பால் ஈற்றைக் கேட்டுப் பேசியவர் பெண் என்று முடிவுகட்டாதீர்கள். அந்த ஈறு ‘லா’வுக்காக வந்தது; ஆணும் அப்படியேதான் சொல்வார்.

தமிழருக்கென்றே ஒரு குழி உண்டு. நம் ‘முடியாது’ எல்லாவற்றுக்கும் பொதுவானது. இத்தாலியத்தில் அனுமதியோ சூழ்நிலையோ இடம் தராவிட்டால் ‘நோன் போஸ்ஸோ’. முயன்றும் தெம்போ நேரமோ போதவில்லை என்றால்தான் ‘ஃபார்ச்சேலா’. ‘இங்கே புகைபிடிக்க முடியாது’ என்பதற்கு இதைப் போட்டால் கேட்பவர் விழிப்பார்.

சில சமயம் அடுத்த சொல்தான் முடிவு செய்யும். ‘பேனா இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ‘ச்சே லோ’ என்றால் ‘இருக்கிறது’. அதே ‘ச்சே லோ’வுக்குப் பின் ‘கோன் தே’ வந்தால் ‘உன் மேல் கோபம்’. பாதி வாக்கியத்தை வெட்டி எடுத்துத் தேடுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

ஸ்பானிய மொழியிலும் இதே வழி செல்லும். ‘கோமோ தே லாஸ் அர்ரெக்லாஸ்?’ அர்ரெக்லார் என்றால் பழுதுபார், ஒழுங்குபடுத்து. உறைந்த பன்மை ‘லாஸ்’ சேர்ந்ததும் ‘எப்படிச் சமாளிக்கிறாய்?’ ஆனால் இரண்டும் ஒரே தாய்மொழியின் பிள்ளைகள் என்று நம்பி, ஒன்றின் பொருளை இன்னொன்றுக்கு ஏற்றிவிடாதீர்கள். ‘சால்கோ’ என்பதை இரண்டிலும் ஒரே எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள். இத்தாலியர் சொன்னால் ஏறுகிறார். ஸ்பானியர் சொன்னால் வெளியே போகிறார்.