குடும்பக் கோப்புகளை எங்கே வைப்பது?

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து பேசுகிறேன். கப்பல் பட்டியலில் முன்னோரைத் தேடுவது பற்றிச் சென்ற காணொளியில் பார்த்தோம். தேடி எடுத்ததை எங்கே பத்திரப்படுத்துவது என்று பலரும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் எது போனால் திரும்பக் கிடைக்காது என்று பிரித்துக்கொள்ளுங்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை நம் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஆளுக்கொரு எண் கொடுத்து, தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலின் படம் உங்கள் கணினியிலிருந்து அழிந்தாலும் மறுபடி தேடி எடுத்துவிடலாம். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயில் வாசலில் ஆயா தீச்சட்டியோடு நிற்கும் படமும், பெரியம்மாவின் குரல்பதிவும் அப்படியல்ல. உலகத்திலேயே ஒரே பிரதி. பலர் பட்டியலுக்கு நாலு பிரதி எடுத்து வைத்துவிட்டு, ஆயாவைக் கைபேசியிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள்!

"எல்லாம் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில் இருக்கிறது, கவலையில்லை" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினியில் உள்ள கோப்புறையும் கூகுள் டிரைவும் ஒத்திசைந்து இயங்கினால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு போய்விடும். ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட்டும் மின்னஞ்சல், புகைப்படம், டிரைவு மூன்றுக்கும் சேர்த்துத்தான். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை கூகுள் நீக்கவும் செய்யலாம். குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் மட்டும் கடவுச்சொல்லை வைத்திருந்து, அவரும் காலமாகிவிட்டால்? செயல்படாத கணக்கை யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே குறிப்பிட கூகுள் கணக்கின் அமைப்புகளிலேயே (செட்டிங்ஸ்) வசதி இருக்கிறது. இன்றைக்கே மகள் பெயரையோ தம்பி பெயரையோ கொடுத்துவிடுங்கள்.

அதற்காகக் கிளவுடு வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது பழைய விதி. அந்த மூன்றில் ஒன்றாகக் கிளவுடு இருக்கட்டும்.

இதோ, மேசைமேல் இருக்கும் இரண்டு வெளி வன்வட்டுகளைப் (ஹார்ட் டிஸ்க்) பாருங்கள். 'அ', 'ஆ' என்று பட்டை ஒட்டியிருக்கிறேன். 'அ' என் அலமாரியில் இருக்கும். 'ஆ' ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் அத்தை வீட்டில். டிசம்பர் விடுமுறைக்குப் போகும்போது மாற்றிக்கொள்வோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த ஊரில் வீட்டோடு பெட்டி பெட்டியாகப் போன ஆல்பங்களை நினைத்தால், பக்கத்துத் தெருவில் ஒரு பிரதி போதும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நகலெடுத்து முடிந்ததும் வட்டை முறையாக வெளியேற்றிக் கழற்றிவிடுங்கள். செருகியபடியே விட்டால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். லோட்ஷெடிங் பழகிய நமக்குத் தெரியும், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு பாதியில் நிற்கும். பேட்டரி நிறைந்த மடிக்கணினியில் செய்வது நல்லது. பென் டிரைவை எடுத்துப்போக வர வைத்துக்கொள்ளுங்கள், பல ஆண்டு சேமிப்புக்கு அதை நம்ப வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாகுமெண்ட் என்ற வழியில் அனுப்பினால் அசல் அப்படியே போகும். அசலுக்குப் பெயரும் வையுங்கள். 'படம்0047' என்றிருந்தால் பேரப்பிள்ளைக்கு என்ன தெரியும்? '1958-மவுண்ட்எட்ஜ்கோம்ப்-ஆயா-தீச்சட்டி' என்று வைத்தால் ஆண்டு வரிசையில் தானாகவே அடுக்கிக்கொள்ளும்.

வம்சாவளி மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஜெட்காம் (GEDCOM) கோப்பாக ஏற்றுமதி செய்து வைக்கலாம், வேறு மென்பொருளிலும் திறக்கும். ஆனால் அதில் பெயர், தேதி, உறவுமுறை போன்ற எழுத்து விவரங்கள்தான் இருக்கும். படங்கள் பெரும்பாலும் உடன் வராது, தனியாகவே எடுத்துவையுங்கள்.

வட்டுகளை இடம் மாற்றும்போதெல்லாம் அவற்றிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். குரல்பதிவு என்றால் முதல் நொடியோடு விடாமல் கடைசிவரை ஓட்டிக் கேளுங்கள். அடுத்த காணொளியில் பழைய படங்களை ஸ்கேன் செய்வது பற்றிப் பேசுவோம். வருகிறேன்.