கொழுந்தை எடை போடுகிறோம், பலத்தை?

(கோத்தகிரியில் கிராமச் செவிலியர்களும் எஸ்டேட் பெண்களும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குளிரிலும் மழையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்: எம்.எஸ். என்கிற நரம்பு நோயில் கை கால் பலம் குறைவதை எப்படி அளந்து கண்டுகொள்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

தேயிலைக் கொழுந்து எடுத்து முடித்ததும் எடை போடுகிறீர்கள். அரைக் கிலோ குறைந்தாலும் சூப்பர்வைசரிடம் கேட்காமல் விடமாட்டீர்கள். ஆனால் உங்களில் ஒருத்தி "கால்ல சத்தே இல்லக்கா" என்று சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? "ரத்தம் கம்மியா இருக்கும், டானிக் குடி" என்கிறோம். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

என்னிடம் வந்த ஒரு தங்கச்சிக்கு நடந்தது அதுதான். காலையில் நன்றாக இருப்பாள். வேலை முடிந்து மேட்டில் ஏறும்போது வலது கால் கட்டைவிரல் படிக்கட்டில் இடிக்கும். வீட்டுக்குப் போய் சுடுதண்ணீரில் குளித்துவிட்டு எழுந்தால் அந்தக் காலைத் தூக்கவே வராது. அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். பார்த்தவர்களெல்லாம் பகலில், ஓய்வாக இருக்கும்போது பார்த்தார்கள்; கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வேலைக்குப் போகச் சோம்பல் என்றுகூட வீட்டில் பேச்சு. அதை அவள் சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் முதலில் கேட்டது செருப்பைப் பற்றி. "நடக்கும்போது செருப்பு கழன்று போகிறதா? போனால் தெரிகிறதா?" கழன்று போவது தெரிகிறது, ஆனால் பிடித்து நிறுத்த முடியவில்லை என்றால் பெரும்பாலும் பலம் குறைந்திருக்கிறது. கழன்றதே தெரியாமல் நாலு அடி நடந்துவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. அவளுக்குத் தெரிந்தது. அதே மாதிரி, தலை வாரக் கை தூக்க முடியவில்லையா, சோறு பிசைய விரல் வரவில்லையா, குத்தவைத்து எழ முடியவில்லையா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். "சத்து இல்லை" என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனையும் இருக்கிறது.

அப்புறம் கையால் அழுத்திப் பார்ப்பது. 0 முதல் 5 வரை மதிப்பெண். தசை அசையவே இல்லை என்றால் 0. துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. பாரம் இல்லாமல் படுக்கையோடு நகர்ந்தால் 2. தூக்க முடிந்தால் 3. நாம் அழுத்தும்போது ஓரளவு எதிர்த்தால் 4. முழுப் பலம் 5. இரண்டாம் உலகப் போரில் நரம்பு அடிபட்டவர்களைப் பார்ப்பதற்காக அந்தக் காலத்தில் பிரிட்டனில் வெளியான முறை இது. இதில் 4 என்பது ரொம்ப அகலமான வீடு. கொஞ்சம் குறைந்தவரும் அதற்குள்தான், பாதி பலம் போனவரும் அதற்குள்தான். அதனால்தான் கைப்பிடியின் பலத்தைக் கிலோவில் காட்டுகிற டைனமோமீட்டர் என்ற கருவி வேண்டும் என்கிறேன். அது இல்லையென்றால் உங்கள் பையில் இருக்கும் டயல் வைத்த பிபி கருவி போதும். பட்டையைச் சுருட்டி, முள் 20-ல் நிற்கும்வரை காற்றடித்து, கையில் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள். முள் எதுவரை போகிறது என்று எழுதுங்கள்.

ஆனால் எம்.எஸ். என்கிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் கைப்பிடி நன்றாக இருக்கும்போதே கால் தளரலாம். நம் உடலின் காவல் படையே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பின் மேலுறையை அரித்துவிடுகிற நோய் இது. 20-லிருந்து 40 வயதுக்குள் அதிகம் தொடங்கும், பெண்களுக்குக் கூடுதலாக வரும். காலில் இடுப்பை மடக்குவதும் பாதத்தை மேலே தூக்குவதும்தான் பெரும்பாலும் முதலில் தளரும். அந்தத் தங்கச்சி வந்தவுடன் பாதத்தைத் தூக்கும் பலம் 5. இருபது நிமிடம் மேட்டில் நடக்கவிட்டுக் கூட்டிவந்து பார்த்தேன்: 4, அதுவும் சிரமப்பட்டு. 25 அடி நடக்கிற நேரமும் கூடியிருந்தது. உள்ளங்காலில் பேனா முனையால் கோடு இழுத்தபோது கட்டைவிரல் மேலே நிமிர்ந்தது. கோளாறு தசையில் இல்லை, மேலே மூளையிலோ தண்டுவடத்திலோ என்று அது சொல்லிவிட்டது.

சுடுதண்ணீர்க் கதைக்கும் காரணம் உண்டு. உறை இழந்த நரம்பு செய்தியைத் தட்டுத்தடுமாறித்தான் கடத்தும்; உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே சில சமயம் நின்றுவிடும். எம்.எஸ். உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி செய்தால் பார்வை மங்குகிறது என்று ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே எழுதினார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வருவதற்கு முன்னால் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்தே பரிசோதித்தார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள், ஆபத்து. குளித்த பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்டாலே போதும். இந்த மலையில் வெந்நீர் இல்லாமல் யார் குளிக்கிறார்கள்? அதனால்தான் அந்தக் கேள்வி இங்கே அவசியம்.

இன்னொன்றும் கேட்டேன்: "எப்போதாவது ஒரு கண் மங்கலாச்சா?" இரண்டு வருஷத்துக்கு முன்னால், கண்ணை அசைத்தால் வலி, சில வாரம் மங்கல், தானாகச் சரியானது என்றாள். நோய் நம்மை ஏமாற்றுவது இங்கேதான். வந்தது சரியாகிவிட்டால் மறந்துவிடுகிறோம். எம்.எஸ். என்று சொல்ல, வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு காலத்தில் பாதிப்பு என்பதைத்தான் மருத்துவர்கள் தேடுகிறார்கள். தேதி போட்டு எழுதிய ஒரு துண்டுச் சீட்டு அங்கே சாட்சி சொல்லும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். இந்த அளவு எண்களை வைத்து யாருக்கும் எம்.எஸ். என்று பெயர் சூட்டாதீர்கள். பி12 குறைவு, கழுத்து எலும்பு அழுத்தம் எல்லாம் இதே மாதிரி வரும். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குகிற என்.எம்.ஓ. என்று இன்னொரு நோய் இருக்கிறது, எம்.எஸ்.ஸுக்குத் தரும் சில மருந்துகள் அதை மோசமாக்கும். எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் முதுகுத் தண்டு நீர், ரத்தப் பரிசோதனை பார்த்து நரம்பியல் மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும். பலவீனம் நிமிடக் கணக்கில் திடீரென்று வந்தால் அளந்துகொண்டிருக்காதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆம்புலன்ஸ்.

அந்தத் தங்கச்சி என் சீட்டோடு கோயம்புத்தூர் போனாள். எம்.ஆர்.ஐ.யில் மூளையிலும் தண்டுவடத்திலும் பாதிப்பின் புள்ளிகள் தெரிந்தன. மருந்து தொடங்கியாகிவிட்டது. இப்போதும் மாதம் ஒரு தடவை வருகிறாள், ஓய்வில் ஒரு முறை, நடந்த பிறகு ஒரு முறை அளக்கிறோம்.

சரி, பிபி கருவி முதல் வரிசையிலிருந்து வருகிறது. உட்கார்ந்து, முழங்கையை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். வலது கை மூன்று தடவை, இடது கை மூன்று தடவை. பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும், தேதியும் நேரமும் போட்டு.