324 ரூபாய் சர்வீஸ் சார்ஜும் தஞ்சாவூரில் நாங்கள் பிடித்த பாரும்

வணக்கம் மக்களே! வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று துடித்துக்கொண்டிருக்கிறேன். பார் பில்லில் போட்டிருந்த சர்வீஸ் சார்ஜை எடுக்க வைத்துவிட்டோம். முழுசாக 324 ரூபாய். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அதே மேனேஜர் புதுப் பில் அடித்து நீட்டினார்.

சரி, முதலிலிருந்து வருகிறேன். ஆபீஸில் ஆடிட் முடிந்தது. எல்லோரும் எங்கேயாவது உட்காரலாம் என்றார்கள். இடம் பிடிக்கிற வேலை வழக்கம்போல என்னிடம் வந்தது. சேனலைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், எனக்குச் சத்தம் ஆகாது. பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாத இடத்தில் எவ்வளவு நல்ல சரக்கு ஊற்றினாலும் நான் எழுந்து வந்துவிடுவேன்.

டாஸ்மாக் பார் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தோம். கடை பகல் 12 மணியிலிருந்து இரவு 10 வரைதான். நாங்கள் ஆபீஸை விட்டு இறங்கவே ஏழரை ஆகிவிடும், அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குடிக்க எனக்குப் பிடிக்காது. இன்னொன்று, அங்கே பாட்டிலாக வாங்கித்தான் உட்கார வேண்டும். எங்கள் கேஷியர் அண்ணன் ஒரே ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லியோடு நிறுத்திக்கொள்கிறவர். அவருக்கு எதற்கு 180 மில்லி குவார்ட்டர்? ஆபீஸ் அக்கா இரண்டு பேர் வேறு லைம் சோடாவுக்காக வருகிறார்கள். அவர்கள் கூச்சப்படாமல் உட்கார்ந்து சாப்பிடுகிற இடமாக இருக்க வேண்டும்.

ஒரு தம்பி காரைக்கால் போகலாம் என்றான். புதுச்சேரி கணக்கு, விலை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் திருவாரூர் தாண்டிப் போய்க் குடித்துவிட்டுத் தஞ்சாவூர் திரும்புவதற்குள் விடிந்துவிடும். பாட்டில் வாங்கி வரலாம் என்றால் எல்லையில் இருக்கிற வாஞ்சூரில் சோதனைச் சாவடி. அந்தப் பேச்சை அத்தோடு விட்டோம்.

ஆக, ஹோட்டல் பார்தான். என் வழக்கம் என்னவென்றால், போகிற நாளுக்கு முந்தின நாள் ராத்திரி எட்டரை மணிக்கு அந்த ஹோட்டலுக்குப் போன் போடுவேன். ஒரு பிராந்தி பெயரைச் சொல்லி லார்ஜ் எவ்வளவு என்று கேட்பேன். விலை தெரிவது ஒரு பக்கம். போனை எடுப்பவருக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். ஒரு இடத்தில் குத்துப்பாட்டு ஸ்பீக்கரைப் பிளந்துகொண்டிருந்தது, அவர் "ஹலோ, ஹலோ" என்று கத்துகிறார். உடனே அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். இன்னொரு இடத்தில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அங்கேதான் போனோம். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம். பெயர் சொல்ல மாட்டேன், ஏன் என்று பில் கதை வரும்போது புரியும்.

இடம் அருமை. ஏசி அளவாக இருந்தது. டிவி ஓடியது, ஒலியைக் குறைத்து வைத்திருந்தார்கள். பாட்டிலை மேஜைக்கே கொண்டு வந்து, சீலை நம் கண்முன் உடைத்து, அளவுக் குவளையில் விளிம்பு வரை ஊற்றிக் காட்டினார் ஒரு அண்ணன். உள்ளேயே ஊற்றிக் கொண்டு வந்து வைக்கிற இடங்கள் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் வேர்க்கடலை மசாலாதான் அன்றைக்கு எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. கடலையை வறுக்காமல் அவித்திருந்தார்கள், இன்னும் சூடு ஆறவில்லை. பொடியாக நறுக்கின சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், துருவின மாங்காய், மேலே பாதி எலுமிச்சையைப் பிழிந்து விட்டிருந்தார்கள். அக்காக்கள் இரண்டாவது தட்டு கேட்டார்கள். இறால் வறுவலும் நன்றாக இருந்தது, மல்லிப்பட்டினத்து இறால் என்றார் அந்த அண்ணன். பெப்பர் சிக்கன் சுமார்தான்.

இப்போது பில். சாப்பாடு 1,480, சரக்கு 1,760, கூட்டினால் 3,240. அதற்குக் கீழே வரி. சாப்பாட்டுக்கு மட்டும் 5 சதவீதம் ஜிஎஸ்டி, சரக்குக்கு ஜிஎஸ்டி கிடையாது, அது மாநில அரசின் வாட் கணக்கில் வரும். இதுவரை சரி. அதற்கும் கீழே பொடி எழுத்தில் 'எஸ்.சி. 10%' என்று ஒரு வரி. 324 ரூபாய். இது என்ன அண்ணா என்று கேட்டால், சர்வீஸ் சார்ஜ் சார், எல்லோருக்கும் வருவதுதான் என்றார்கள்.

எல்லோருக்கும் வரக் கூடாது மக்களே! மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ம் தேதியே சொல்லிவிட்டது. ஹோட்டலோ உணவகமோ சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது. உணவகச் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28-ம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்புக் கொடுத்தது. இதைத்தான் மேனேஜரிடம் பொறுமையாகச் சொன்னேன். எடுக்க மாட்டோம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுகிறேன் என்றேன். அவர் உள்ளே போனார். எங்கள் மேஜையில் யாரும் பேசவில்லை. கேஷியர் அண்ணன், "விடு தம்பி, நானே கொடுத்துவிடுகிறேன்" என்றார். எதற்கு அண்ணா கொடுக்க வேண்டும்? ஐந்து நிமிடத்தில் புதுப் பில் வந்தது, அந்த வரி இல்லை! அப்புறம் ஊற்றிக் கொடுத்த அண்ணன் கையில் 200 ரூபாய் டிப்ஸ் வைத்தோம். நன்றாகக் கவனித்தவருக்கு நாமாகக் கொடுப்பது வேறு, பில்லில் அடித்துப் பிடுங்குவது வேறு.

அட, தண்ணீர் பாட்டிலைச் சொல்லவே இல்லை. 20 ரூபாய் பாட்டிலுக்கு 60 போட்டிருந்தார்கள். அதில் நாம் ஒன்றும் செய்ய முடியாது, ஹோட்டலில் உட்கார்ந்து குடிக்கிற பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வேண்டாம் என்றால் உட்கார்ந்ததுமே ஜக்குத் தண்ணீர் கேட்டுவிடுங்கள், அதற்குக் காசில்லை.

திரும்பிப் போவதும் இடம் பிடிக்கிற வேலையில் சேர்த்திதான். எங்களில் ஒருவர் திருவையாறு. அந்த ரோட்டில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு தாண்ட வேண்டும். குடித்துவிட்டு ராத்திரியில் பைக்கில் போக அவரை விடவே மாட்டேன். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் கேஸ். முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை ஜெயிலும் உண்டு. பைக்கை ஆபீஸிலேயே போட்டுவிட்டு வரச் சொன்னேன். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கிற பாராகப் பார்த்ததே அதற்காகத்தான். அவரை பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு ஆட்டோ பேசினோம்.

அடுத்த மாதம் கும்பகோணத்தில் ஆபீஸ் வேலை இருக்கிறது. அங்கே ஸ்பீக்கர் அலறாத, கண்முன் அளந்து ஊற்றுகிற ஏசி பார் எது என்று தெரிந்தவர்கள் கமெண்டில் போடுங்கள். திருவள்ளுவர் தினம், மே 1, அக்டோபர் 2 மாதிரி கடை அடைக்கிற நாளாக இல்லாமல் பார்த்துத் தேதி வைக்கிறேன். அவித்த கடலை மசாலா கிடைக்கிற இடமாக இருந்தால் அதற்கே முதல் போன்.