இது நம்ம விளக்கு இல்லை

(செப்டம்பர் 21, தேசியக் கலங்கரை விளக்க நாளையொட்டி வேதாரண்யம் பக்கம் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, கலங்கரை விளக்கத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, நமக்காகச் சென்னையிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்திருக்கும் பொறியாளர் ஐயா அவர்களே, எனக்கு எழுத்தறிவித்து, இந்த எண்பத்தாறு வயதிலும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் என் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நாற்காலி கொடுத்தும் வாங்காமல் கடைசியில் நின்றுகொண்டே கேட்கும் ஊர்ப் பெரியவர்களே, கரையோரப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

முதல்வர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். இந்த அரங்கைக் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதைப் படித்துவிட்டு அவரே போனில் கூப்பிட்டு, "ஐயா, வாடகையெல்லாம் வேண்டாம், பிள்ளைகளுக்கு மோர் மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்" என்றார். மோர் தயாராக இருக்கிறது. வெயிலில் வந்த பிள்ளைகள் இப்போதே எழுந்து போய்க் குடித்துவிட்டு வரலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நம் கலங்கரை விளக்கங்களின் பழமை ஒன்று. அந்த விளக்கு வேலை செய்யும் விதம் இரண்டு. பாதுகாப்புக்கு என்ன சட்டம் இருக்கிறது என்பது மூன்று.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோமே, அதே கரைதல்தான். கப்பலை வா வா என்று கூப்பிடும் விளக்கு. ஒளி கூப்பிடுகிறது என்று நம் முன்னோருக்குத் தோன்றியிருக்கிறது, பாருங்கள். பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற துறை வருகிறது. அங்கே கூரை வேயாத ஓர் உயர்ந்த மாடம். அதன் மேல் ஏற ஏணி சார்த்தியிருக்கிறார்கள். இரவில் தீ மூட்டி, கடலில் ஓடும் கலங்களை அழைக்கிறார்கள். எரிந்ததை நம் ஆள் பாட்டில் எழுதி வைத்ததால் இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. எழுதாமல் விட்டிருந்தால்?

என் பாட்டி எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வாள். "விளக்கைக் கையில பிடிச்சிக்கிட்டு கெணத்துல விழலாமா?" இந்தக் கூட்டத்தில் இதை நான் இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரத்தில் இப்போதுள்ள கல் கோபுரம் வருவதற்கு முன்னால், பக்கத்துப் பாறைமேல் இருக்கும் ஓலக்கண்ணீசுவரர் கோயிலின் தலையில்தான் விளக்கு எரிந்தது. பல்லவர் கட்டிய கோயில் அது. சென்னையில் 1796-இல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் தேங்காய் எண்ணெய் விளக்குகளை ஏற்றினார்கள். 1844-இல் உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிற கல் தூணுக்கு அது மாறியது. 1894-இல் நீதிமன்றக் கட்டடத்தின் குவிமாடத்துக்கே ஏறியது. 1977-இல் மெரினாவுக்கு வந்தது. ஒரே ஊரில் நான்கு இடம். புதுச்சேரிக்குப் போனால் 1836-இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பழைய விளக்கு கடற்கரைச் சாலையிலேயே நிற்கிறது. சுற்றுலா போகிறவர்கள் அதன் முன்னால் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். நல்லது, சாப்பிடட்டும். ஒருதடவை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். கோடியக்கரையில் பராந்தக சோழன் காலத்தது என்று பெரியவர்கள் காட்டிய செங்கல் கோபுரத்தின் மிச்சம் ஒன்று இருந்தது. நானே சின்ன வயதில் அதன்மேல் சாய்ந்து புளியங்காய் தின்றிருக்கிறேன். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அதைக் கொண்டுபோய்விட்டது. ஆயிரம் வருடம் நின்றதை நான் ஒருநாள்கூட நூல் பிடித்து அளந்ததில்லை. ஒரு பென்சில் படம் வரைந்ததில்லை. வாத்தியார் வேலை பார்த்தவன் நான். விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்தேன்.

விளக்கு வேலை செய்யும் விதத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் சிமிட்டும் கணக்கு தனி. இத்தனை விநாடிக்கு இத்தனை தடவை என்று. அதுதான் அதன் பெயர், அதன் முகம். இதை எனக்குப் புத்தகம் சொல்லித்தரவில்லை, என் சித்தப்பா சொல்லித்தந்தார்.

1974, ஐப்பசி மாதம். எனக்குப் பத்து வயது. சித்தப்பாவும் இன்னும் மூன்று பேரும் ஆறுகாட்டுத்துறையிலிருந்து பாய் வள்ளத்தில் போனார்கள். சாயங்காலம் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, பக்கத்தில் இருப்பவன் முகம் தெரியாத மழை. காற்றும் நீரோட்டமும் சேர்ந்து தெற்கே இழுத்துக்கொண்டு போய்விட்டன. நட்சத்திரம் இல்லை. கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. வள்ளத்துக்குள் தண்ணீர். ஒருவர் மாற்றி ஒருவர் தகரத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார்களாம். நடுநிசிக்கு மேல் தூரத்தில் ஒரு வெளிச்சம். வள்ளத்திலேயே வயதில் சின்னவர், பத்தொன்பது வயது, எழுந்து நின்று கத்துகிறார்: "கோடியக்கரை விளக்கு! பாயைத் திருப்பு!" மற்ற இருவருக்கும் உயிர் வந்துவிட்டது. சித்தப்பா மட்டும் சுக்கானை விடவில்லை. "இரு, எண்ணிப் பாக்கிறேன்" என்றார். கடிகாரம் ஏது? "மாரியாத்தா ஒண்ணு, மாரியாத்தா ரெண்டு" என்று எண்ணுவது அவர் வழக்கம். ஒருதடவை எண்ணினார். மறுபடி எண்ணினார். மூன்றாம் தடவையும் எண்ணிவிட்டுச் சொன்னார்: "இது நம்ம விளக்கு இல்ல."

சண்டை வந்துவிட்டது. சாகப் போகிற நேரத்தில் கணக்குப் பார்க்கிறான் என்று திட்டினார்கள். சித்தப்பா அசையவில்லை. அது அக்கரை விளக்கு, இலங்கையில் பருத்தித்துறையோ காங்கேசன்துறையோ. அந்தப் பக்கம் கரையோரமெல்லாம் பாறைத் திட்டு. நம்பிப் போயிருந்தால் வள்ளம் சிதறியிருக்கும். முதுகை அந்த வெளிச்சத்துக்குக் காட்டி வள்ளத்தைத் திருப்பினார். விடியும் முன் மழை கொஞ்சம் விலகியது. எதிரே மங்கலாக இன்னொரு வெளிச்சம். மாரியாத்தா ஒண்ணு, மாரியாத்தா ரெண்டு. கணக்கு சரியாக இருந்தது. 1890-இல் கட்டிய நம் கோடியக்கரை விளக்கு. காலையில் கரையேறினார்கள். என் சின்னம்மா இரவெல்லாம் அரிக்கேன் விளக்கோடு மணலில் நின்றிருந்தாள். விடிந்த பிறகும் அதை அணைக்கவில்லை. சிம்னி முழுக்கக் கரி பிடித்திருந்தது. நான் பார்த்தேன்.

இன்றைக்கு எல்லோர் கையிலும் ஜிபிஎஸ் இருக்கிறது. வேண்டும், நல்ல பொருள்தான். ஆனால் அந்த எண்ணிக்கை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சித்தப்பா போய்விட்டார். பாதரசத் தொட்டியில் மிதந்தபடி விளக்கொளியைக் குவிக்கும் அந்தப் பெரிய கண்ணாடி அடுக்கை ஒற்றை விரலால் தள்ளிச் சுற்றவிட்ட காவலர்கள் போய்விட்டார்கள். 2021-இல் வந்த சட்டம், பழைய விளக்கங்களைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதைப் பற்றிப் பொறியாளர் ஐயா என்னைவிட நன்றாகச் சொல்வார். அரசு அறிவிக்கட்டும், சுண்ணாம்பு பூசட்டும், விளக்குப் போடட்டும். கோபுரத்தைக் காப்பாற்றிவிட்டு அதை நம்பிப் பிழைத்தவன் கதையை விட்டுவிட்டால், பாட்டி சொன்ன கிணறுதான்.

என் வேண்டுகோள் ஒன்றுதான், ஆறு வருடமாக இதைத்தான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். கரையோரப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு நோட்டு வையுங்கள். பக்கத்தில் இருக்கும் விளக்கத்தைப் பிள்ளைகள் போய்ப் பார்க்கட்டும். அடிச்சுற்றைக் கயிறு பிடித்து அளக்கட்டும், படிகளை எண்ணட்டும், படம் வரையட்டும், சிமிட்டும் கணக்கை இரவில் உட்கார்ந்து குறிக்கட்டும். அப்புறம் ஊரில் எழுபது தாண்டியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதட்டும். செலவு என்ன? ஒரு இருநூறு பக்க நோட்டு. தலைமையாசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வாசலில் மேசைமேல் நோட்டுகள் அடுக்கியிருக்கிறேன், போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளி நோட்டில் முதல் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. அன்றைக்கு வள்ளத்தில் எழுந்து நின்று கத்திய அந்தப் பத்தொன்பது வயதுக்காரர் இதோ மூன்றாவது வரிசையில், தூணோரம் உட்கார்ந்திருக்கிறார். அண்ணே, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டில் இருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டோடு வருகிறார்கள்.