சாரம் கட்டிய நேரத்தில் எரிந்த பேராலயம்

(காட்சி: இன்றைய லண்டன், குவிமாடத்திலிருந்து பழைய ஓவியத்துக்கு மாறுகிறது)

வணக்கம். செயின்ட் பால் பேராலயம் என்றதும் நினைவுக்கு வருவது இந்தக் குவிமாடம்தான். ஆனால் இதே இடத்தில் ஏறத்தாழ 585 அடி நீளமுள்ள இன்னொரு பேராலயம் பல நூற்றாண்டுகள் நின்றிருந்தது. 1666 செப்டம்பர் 4 அன்று அது எரிந்தது.

அதற்கு முன்பே அது நலிந்த கட்டடம். 1561இல் மின்னல் தாக்கி எரிந்த அதன் கூம்புக் கோபுரத்தை யாரும் மீண்டும் எழுப்பவில்லை. 1666 ஆகஸ்ட் 27 அன்று கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென், எழுத்தாளர் ஜான் ஈவ்லின் உள்ளிட்ட குழுவினர் அதைப் பார்வையிட்டு, எவ்வாறு சீரமைப்பது என்று விவாதித்தனர். சுவரைச் சுற்றி மரச் சாரம் நின்றது. ஆறாம் நாள், லண்டனின் புடிங் லேன் தெருவில் ஒரு ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது.

(காட்சி: தீ மேற்கே பரவும் வரைபடம்)

கீழைக்காற்று தீயை மேற்கே தள்ளியது. கெட்டியான கற்சுவர்களைத் தீ என்ன செய்துவிடும் என்று நம்பிய அக்கம்பக்கத்துப் புத்தக வணிகர்கள், தங்கள் சரக்கையெல்லாம் பேராலயத்தின் அடியில் இருந்த செயின்ட் ஃபெய்த் நிலவறைக் கோவிலில் அடுக்கிப் பூட்டினர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அன்று யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஆனால் முழுக் கட்டடமும் கல்லால் ஆனதல்ல. கூரை மரச் சட்டங்களால் ஆனது. அதன்மேல் ஈயத் தகடு வேய்ந்திருந்தது. பழுதுபார்க்கக் கட்டிய சாரமே தீக்கு ஏணியாயிற்று. ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால், கூரை மரம் பற்றியதும் அது தெருவில் ஆறாக ஓடியது. வெப்பத்தில் வெடித்த கற்கள் எறிகுண்டுகளைப் போலப் பறந்தன என்று ஈவ்லின் தம் நாட்குறிப்பில் எழுதினார். இடிந்து விழுந்த கூரை நிலவறையின் வளைவுகளையும் உடைத்துக்கொண்டு இறங்க, புத்தகங்கள் நாள்கணக்கில் எரிந்தன.

2019இல் பாரிஸ் நோத்ர தாம் பேராலயம் எரிந்தபோதும் சீரமைப்புச் சாரம் நின்றது, கூரை மரமும் ஈயமுமாகவே இருந்தது; அங்கே கல் வளைவுகள் பெரும்பாலும் தாங்கிக்கொண்டன.

(காட்சி: கூரையற்ற சுவர்கள்)

லண்டனில் எஞ்சிய சுவர்களை ஒட்டுப்போட்டு வழிபாட்டைத் தொடர முயன்றார்கள். 1668இல் அதிலும் ஒரு பகுதி சரிந்த பிறகுதான் முழுவதையும் இடிக்க முடிவாயிற்று, வெடிமருந்துகூடப் பயன்பட்டது. புதிய கட்டடத்தின் பணி 1675இல் தொடங்கியது.

(காட்சி: பளிங்குச் சிலை, மெல்ல அடிப்பகுதிக்கு)

கவிஞரும் இப்பேராலயத்தின் தலைமைக் குருவுமாக இருந்த ஜான் டன், பிணத்துணி போர்த்தி ஒரு தாழியின் மேல் நிற்கும் சிலை மட்டும் ஏறக்குறைய முழுதாகத் தப்பியது. இன்றைய பேராலயத்தில் அதைப் பார்க்கலாம். தாழியில் கரிந்த தடம் இன்னும் இருக்கிறது.