40 வெள்ளிக்கு விற்ற முறுக்கு, வங்கியில் 30 வெள்ளி 80 சென்: மீதி எங்கே?

[திரையில்: ஒரு டின் முறுக்கு, பக்கத்தில் கைப்பேசி]

வணக்கம். இணையத்தில் இந்த டின்னின் விலை 40 வெள்ளி. வாங்கியவர் சாப்பிட்டுவிட்டு ஐந்து நட்சத்திரமும் கொடுத்துவிட்டார். வங்கியில் ஏறியதோ 30 வெள்ளி 80 சென். மீதி 9 வெள்ளி 20 சென் எங்கே? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத கணக்கு மென்பொருளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏன் என்று இன்று பார்க்கப் போகிறோம்.

[திரையில்: சுங்கை சிப்புட் கடைத்தெரு]

நான் பேசுவது மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே, சுற்றிலும் தோட்டங்கள். இங்கே வீட்டில் பலகாரம் சுட்டு விற்பவர்கள், மாலை கட்டுபவர்கள், ரவிக்கை தைப்பவர்கள் எல்லாரும் கைப்பேசியில் கடை திறந்துவிட்டார்கள். கணக்கு மட்டும் இன்னும் பிஸ்கட் டின்னுக்குள் ரசீதாகக் கிடக்கிறது.

சலிப்பான வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 2015 ஏப்ரல் 1-இல் ஜிஎஸ்டி என்ற பொருள் சேவை வரி வந்தது, 2018 ஜூன் 1-இல் அதன் விகிதம் பூஜ்ஜியமானது, அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் எஸ்எஸ்டி என்ற பழைய விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. 2024 ஆகஸ்ட் 1-இல் பெரிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது விலைப்பட்டியலை மின்னணு வடிவில் வரி வாரியத்துக்கு அனுப்பும் முறை, தொடங்கியது, பிறகு படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் இறங்கியது. அவ்வளவுதான். இதிலிருந்து நமக்கு வேண்டியது ஒன்று: சட்டம் மாறினால் தானும் மாறிக்கொள்ளாத மென்பொருளுக்கு மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். ஜிஎஸ்டிக்காக வாங்கிய குறுந்தட்டு வீட்டில் இருந்தால் தேநீர்க் கோப்பையை அதன்மேல் வைக்கலாம்.

இப்போது முறுக்குக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

[திரையில்: 555 புத்தகம்]

இதைத் தெரியாதவர்கள் நம்மில் உண்டா? 555 புத்தகம், மளிகைக் கடையில் கடன் எழுதும் சின்னப் புத்தகம். சட்டைப் பைக்குள் அடங்கும். மேலே ஆளின் பெயர், கீழே தேதி, மத்தி மீன் டின், சீனி, தொகை. தோட்டத்தில் சம்பளம் போட்டதும் கடைக்கு வந்து அடைப்பார்கள். கடைக்காரர் பக்கம் முழுக்கக் குறுக்குக்கோடு இழுப்பார். யார் நமக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது அந்தப் புத்தகத்தில் ஒருநாளும் தவறாது.

இணையக் கடையில் நடப்பதும் அதேதான், கடனாளி மட்டும் ஆள் மாறிவிட்டார். வாடிக்கையாளர் உடனே பணம் கட்டிவிடுகிறார், ஆனால் உங்களிடம் அல்ல, நீங்கள் விற்கும் இணையத் தளத்திடம். பொருள் போய்ச் சேர்ந்த பிறகு தளம் தன் கழிவுகளை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புகிறது. ஆகவே 555 புத்தகத்தில் ஒரு புதுப் பக்கம் திறந்து, மேலே தளத்தின் பெயரை எழுதுங்கள். கணக்காளர்கள் இதை இடைக்கணக்கு என்பார்கள்.

[திரையில்:
விற்பனை 40.00
நம் கடை வவுச்சர் (தள்ளுபடி) 4.00
தளக் கழிவுகள் 5.20
வங்கிக்கு வந்தது 30.80]

இவை உதாரணத்துக்கான எண்கள். கழிவு விகிதம் தளத்துக்குத் தளம், பொருளுக்குப் பொருள் மாறும். முறுக்கு விற்ற அன்றே தளத்தின் பக்கத்தில் 40 வெள்ளி கடன் ஏற வேண்டும். பணம் வரும் நாளில் 30.80 வங்கிக்கும், 4 தள்ளுபடிக்கும், 5.20 கழிவுச் செலவுக்கும் போனால் பக்கம் சுத்தமாக அடைபடும். முறுக்கு நொறுங்கிப் போய்ச் சேர்ந்து, வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார் என்றால்? அந்தத் தொகையை அடுத்து வரும் பட்டுவாடாவில், அதாவது தளம் நமக்குப் பணம் அனுப்பும்போது, கழித்துக்கொள்வார்கள். அது எந்த டின், எந்த ஆர்டர் என்பதை இந்தப் பக்கம்தான் காட்டிக்கொடுக்கும்.

"வந்ததை மட்டும் விற்பனை என்று எழுதினால் என்ன? இலாபம் ஒன்றுதானே?" என்று ஒருவர் இப்போதே கருத்துப் பகுதியில் எழுதிக்கொண்டிருப்பார். இலாபம் ஒன்றுதான் ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஆண்டு விற்பனை குறைவாகத் தெரியும். இ-இன்வாய்ஸ் உங்களுக்குக் கட்டாயமா என்பதை முடிவு செய்வது விற்பனைத் தொகை, வங்கியில் ஏறிய தொகை அல்ல. இப்போதைக்கு ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளிக்குக் கீழ் உள்ள சிறு வியாபாரிகளுக்கு விலக்கு உண்டு. இன்னொன்று, தள்ளுபடியும் கழிவும் கண்ணில் படாமல் போனால் எந்தப் பலகாரம் கையைக் கடிக்கிறது என்பது தெரியவே தெரியாது. தீபாவளிக்கு இரவு பகலாக எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றது யாருடைய இலாபத்துக்கு?

சரி, எந்தக் கணக்கு மென்பொருள்? எஸ்கியூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் இரண்டும் மலேசியத் தயாரிப்புகள். சீரோ நியூசிலாந்துக்காரர்களுடையது. ஜோஹோ புக்ஸ் நம் சென்னை நிறுவனத்தினுடையது. தென்காசி பக்கத்து மத்தளம்பாறையிலும் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து இங்கே பால் மரம் வெட்டினார்கள், பேரன்களுக்குக் கணக்கு எழுதும் மென்பொருள் அதே நாட்டிலிருந்து கப்பலே ஏறாமல் வருகிறது. இதை நினைத்தால் எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் மகிழ்ச்சிக்காக மென்பொருள் வாங்கக்கூடாது. உங்கள் வரிக் கணக்கைப் பார்ப்பவர் எதில் வேலை செய்கிறார் என்று முதலில் கேளுங்கள். அவருக்குத் தெரியாததை வாங்கினால் ஆண்டு முடிவில் அவர் எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்வார், அதற்கும் நீங்கள்தான் பணம் கொடுப்பீர்கள்.

இணையக் கடை நடத்தும் மென்பொருளை அதற்குப் பிறகு தேர்ந்தெடுங்கள். பலர் வண்ண வண்ண முகப்பைப் பார்த்து ஷாப்பிஃபையில் கடையை முதலில் கட்டிவிடுகிறார்கள். அதில் வெளிப் பணச் சேவையை இணைத்தால் ஷாப்பிஃபைக்கென்று தனிக் கட்டணமும் வரும், விலைப் பக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். வூகாமர்ஸ் இலவசம், ஆனால் அதை ஓடவைக்கும் இடத்துக்கு வாடகை உண்டு, பழுதானால் பார்க்க ஆளும் வேண்டும். ஈஸிஸ்டோர் மலேசிய நிறுவனம். எதை எடுத்தாலும் வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டும் எஃப்பிஎக்ஸும், கைப்பேசியில் வருடிக் கட்டும் டூயிட்நவ் கியூஆரும் இருக்க வேண்டும். நம் ஊரில் அட்டை எண்ணைக் கேட்டால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

இ-இன்வாய்ஸுக்கு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம். மாதத்துக்கு நாலைந்து விலைப்பட்டியல் என்றால் அதுவே போதும். சில்லறை விற்பனை நூற்றுக்கணக்கில் இருந்தால், யாரும் தனியாகக் கேட்காதவற்றை மாதம் முடிந்து 7 நாளுக்குள் ஒன்றாகத் திரட்டி அனுப்பும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

[திரையில்: பட்டுவாடா அறிக்கை]

காசு கட்டுவதற்கு முன் சோதனைக் காலத்தில் ஒரு வேலை. போன மாதத்துப் பட்டுவாடா அறிக்கையை உள்ளே ஏற்றுங்கள். தளத்தின் பக்கத்தில் மிச்சம் நிற்கும் தொகையும், இன்னும் பணம் வராத ஆர்டர்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக வெளியே எடுத்துப் பாருங்கள். கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும், சந்தாவை நிறுத்திவிட்டால் அவை எங்கே போகும் என்று விற்பனையாளரிடம் கேளுங்கள்.

பொருந்தாத அறிக்கை யாரிடமாவது இருந்தால், பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். அடுத்த வீடியோவில் இரண்டை எடுத்து வரி வரியாகப் பிரித்துப் பார்ப்போம். முறுக்கும் அனுப்பலாம், ஆட்சேபம் இல்லை.