ஹைரம் ஜான்சன்: ரயில் கம்பெனியோடு மோதிய கவர்னர்

அவையோருக்கு வணக்கம்.

1910-இல் கலிஃபோர்னியா கவர்னர் தேர்தலில் நின்ற ஹைரம் ஜான்சன், அந்தப் பெரிய மாநிலத்தை மோட்டார் காரிலேயே சுற்றி ஓட்டுக் கேட்டார். ரயிலில் போகலாமே என்றால், அவர் எதிர்த்து நின்றதே ரயில் கம்பெனியைத்தான். சரக்குக் கட்டணம் மட்டுமல்ல, யார் வேட்பாளர் என்பதும் சதர்ன் பசிபிக் என்ற அந்த ரயில் கம்பெனியின் விருப்பப்படி நடந்த காலம் அது. அவருடைய தந்தை குரோவ் ஜான்சனே அந்தக் கம்பெனிப் பக்கம் நின்ற அரசியல்வாதி!

1908-இல் சான் பிரான்சிஸ்கோ ஊழல் வழக்கில் அரசு வக்கீல் ஹெனியை நீதிமன்றத்துக்குள்ளேயே சுட்டார்கள். அவர் பிழைத்தார், வழக்கை ஜான்சன் ஏற்று நடத்தினார். குற்றம் சாட்டப்பட்டிருந்த அரசியல் புள்ளி ஏப் ரூஃபுக்கு 14 ஆண்டுச் சிறை. ஜான்சன் பெயர் மாநிலமெங்கும் தெரிந்தது அதனால்தான்.

பதவியேற்ற ஆண்டிலேயே, 1911 அக்டோபர் 10 அன்று, 23 அரசியல் சட்டத் திருத்தங்கள் வாக்காளர்முன் வைக்கப்பட்டன. 22 நிறைவேறின. பெண்கள் வாக்குரிமை சுமார் 3,500 ஓட்டு வித்தியாசத்தில்தான் நிறைவேறியது.

அவற்றில் ஒன்று, மக்களே சட்டம் கொண்டுவரும் முறை. கடந்த கவர்னர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 8 சதவீத அளவுக்குக் கையெழுத்துச் சேர்ந்தால் மசோதா நேரே வாக்கெடுப்புக்குப் போகும் என்று அப்போது வைத்தார்கள். கவர்னரையே திரும்ப அழைக்க 12 சதவீதம். சட்டமன்ற உறுப்பினர்களை விலைக்கு வாங்கலாம், ஊரையே வாங்க முடியுமா என்பதுதான் கணக்கு.

கணக்கில் ஓட்டை இருந்தது. முந்தைய தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் குறைந்தால் தேவையான கையெழுத்தும் குறையும். 2003-இல் கவர்னர் கிரே டேவிஸ் பதவியிழந்த கதையில் இதற்கும் பங்குண்டு. ஒன்பது லட்சம் கையெழுத்துக்கூடத் தேவைப்படவில்லை. பதிவு பெறாத வாக்காளர் கையெழுத்துகள் தள்ளுபடியாகும் என்பதால், தேவைக்கு மேலேயே சேர்க்க வேண்டும். அதற்குக் கூலிக்கு ஆள் வைப்பார்கள். வாசலில் விரட்டிய பணம் கொல்லைப்புறமாக வந்துவிட்டது.

ஜான்சன் 1912-இல் தியோடர் ரூஸ்வெல்ட்டுடன் துணை அதிபர் பதவிக்கு நின்று தோற்றார். 1917 முதல் 1945-இல் சாகும்வரை செனட்டர்.

என் கணிப்பில் அவர்மேல் உள்ள பெரிய கறை 1913-இல் கையெழுத்திட்ட நிலச் சட்டம். அது வேண்டாம் என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பிரையன் மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்கே வந்து வேண்டியும் கேட்கவில்லை. குறி ஜப்பானியர்மேல்தான், ஆனால் சட்டத்தில் ஜப்பானியர் என்ற சொல் கிடையாது. அன்று அவர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாது. ‘குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர்’ விவசாய நிலம் வாங்கக் கூடாது, குத்தகையும் மூன்றாண்டுக்கு மேல் கூடாது என்றிருந்தது. 1920-இல் அந்தக் குத்தகையையும் பறித்தார்கள். எப்படி? ஜான்சன் கொடுத்த அதே கையெழுத்து முறையால்! 1952-இல் மாநில உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. 1956-இல் வாக்காளர்களே அதை நீக்கினார்கள்.